கொடிமலை: ஏறியவர்களும் ஏற்றியவர்களும்

மலேசியாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் ‘கோடை’ என்ற சொல் கொஞ்சம் புதிர்தான். தமிழ்நாட்டுக் கதைகளிலும் சினிமாவிலும் கோடை விடுமுறை வரும். குடும்பத்தோடு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவார்கள். நமக்கோ ஜனவரியிலும் வெயில், ஜூலையிலும் வெயில். மழை பெய்தால் நனையலாம், நின்றால் காயலாம். பருவம் என்று சொல்ல இங்கே இவ்வளவுதான் இருக்கிறது.

ஆனாலும் வெயிலிலிருந்து ஒரு நாள் தப்பித்துப் போய்வரும் ஆசை இந்த மண்ணில் பழையது. காலையில் கிளம்பி, குளிர்ச்சியான இடத்தில் சாப்பிட்டு, நாலு இடம் பார்த்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. இன்றைக்கு இதைச் சாதாரணமாகச் செய்கிறோம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. யாரிடம் ஒரு நாள் இருந்தது, யார் அந்த ஒரு நாளைக் கூலிக்கு விற்றார்கள் என்று கேட்டால் அந்த வரலாறு தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்க்க நல்ல இடம் பினாங்கு கொடிமலை.

மலாயில் புக்கிட் பெண்டேரா. பெண்டேரா என்றால் கொடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை உயரத்திலிருந்து பார்த்து, கொடிக்கம்பத்தில் சைகைக் கொடி ஏற்றிக் கீழே கோட்டைக்குத் தெரிவித்த இடம் என்பதால் இந்தப் பெயர். நம்மவர்கள் அதை அப்படியே தமிழாக்கிக் கொடிமலை என்றார்கள். மலைத்தொடரின் உயர்ந்த சிகரம் 833 மீட்டர். ஊட்டியோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு குன்று. ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், உடம்போடு சட்டை ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில், உச்சியில் கிடைக்கும் நாலைந்து டிகிரி குளிர்ச்சி பெரிய விஷயம்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கினார். இரண்டே ஆண்டுகளில், 1788இல், மலைமேல் ஒரு பாதை வெட்டப்பட்டது. ஸ்ட்ராபெரி பயிரிட்டுப் பார்க்கத்தான் அந்தப் பாதை என்று சொல்கிறார்கள். ‘ஸ்ட்ராபெரி ஹில்’ என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. கீழே காட்டை அழித்து நகரம் எழும்பிக்கொண்டிருந்தபோதே மேலே இங்கிலாந்தின் பழத்தை விளைவிக்க ஒரு முயற்சி. வெயிலில் வந்து மாட்டிக்கொண்டவர்களின் ஏக்கம் அதில் தெரிகிறது.

ஏக்கம் மட்டுமல்ல, உயிர் பயமும் இருந்தது. மலேரியாக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நிரூபணமானது. அதுவரைக்கும் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். லைட்டே 1794இல் மலேரியாவில்தான் இறந்தார். கெட்ட காற்றிலிருந்து தப்ப வேண்டுமானால் உயரத்துக்குப் போக வேண்டும். அதனால் மலைமேல் நோயாளிகள் தங்கித் தேற பங்களாக்கள் வந்தன. ஆளுநருக்கு ‘பெல் ரெட்டிரோ’ என்று ஒரு மாளிகை வந்தது. அதிகாரிகளும் வணிகர்களும் குடும்பத்தோடு மேலே போகத் தொடங்கினார்கள்.

மேலே போனார்கள் என்று எழுதிவிடுவது சுலபம். எப்படிப் போனார்கள்?

சிலர் நடந்தார்கள். சிலர் மட்டக் குதிரையில் ஏறினார்கள். பெண்களும் நோயாளிகளும் வயதானவர்களும் வசதியானவர்களும் டோலியில் போனார்கள். டோலி நமக்குத் தெரிந்த பொருள்தான். நாற்காலி ஒன்று, அதன் இரு பக்கமும் நீண்ட கழிகள், கழிகளுக்குக் கீழே தோள்கள். சபரிமலையில் இன்றும் பார்க்கலாம். சமதரையில் டோலி தூக்குவது ஒரு பாடு என்றால் செங்குத்தான பாதையில் அது வேறு பாடு. முன்னால் போகிறவன் உயரத்தில் இருப்பான், பின்னால் வருகிறவன் தாழ்வில் இருப்பான். நாற்காலி சாயக் கூடாது. அதனால் பின்னால் இருப்பவன் கழியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகும். மழை பெய்திருந்தால் செம்மண் வழுக்கும். கையை வீசிக்கொண்டு நடந்து ஏறுகிறவர்களுக்கே இன்றைக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அப்போது ஓர் ஆளின் எடையோடு ஏறியவர்களை நினைத்துப் பார்க்கலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான பழைய அஞ்சல் அட்டைகளில் கொடிமலை டோலிகள் உண்டு. தொப்பியும் வெள்ளை உடையுமாக நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கழிக்கு அடியில் கறுத்த உடம்புகள், தலைப்பாகைகள், வெறுங்கால்கள். அந்த அட்டைகள் ‘வந்த இடம் இவ்வளவு அழகு’ என்று ஊருக்கு எழுதிப் போடுவதற்காக விற்கப்பட்டவை. மலைக் காட்சியில் மரம் எப்படி ஒரு பகுதியோ அப்படித்தான் டோலிக்காரனும்.

யார் அவர்கள்? அன்றைய பினாங்கில் இந்தியர்கள் பல வழிகளில் வந்து சேர்ந்திருந்தார்கள். கம்பெனியின் படையில் சிப்பாய்களாக வந்தவர்கள் ஒரு பக்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1873 வரை தண்டனைக் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஒரு பக்கம். இந்தத் தீவின் சாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. எதிர்க்கரையில், அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் இன்னொரு பக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் இருந்தார்கள். இந்தக் கூட்டத்திலிருந்துதான் டோலிக்குத் தோள்கள் கிடைத்தன.

அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. அஞ்சல் அட்டை வாங்கவில்லை. ஆனால் மலை உச்சியில் ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: ஒரு கோயில்.

இன்று அருளொளித் திருமுருகன் ஆலயம் என்ற பெயரில் வண்ண வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறதே, அந்தக் கோயில் 1800களில் டோலி தூக்கியவர்களும் சிப்பாய்களும் எழுப்பிய சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் அதன் வாசலில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். மலை உச்சிக்கு அழகு சேர்க்கும் ஒரு கோயில் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். நானும் அதை ஒரு வரலாற்று ஆவணமாகத்தான் இங்கே பார்க்கிறேன். பக்தி பற்றிப் பேச வரவில்லை. மலைமேல் கோயில் கட்ட வேண்டுமென்றால் மலைமேல் தங்க வேண்டும். எஜமானர் பங்களாவில் இருக்கும் நாள்களில் டோலிக்காரரும் மேலேயேதான் கிடந்திருப்பார், எப்போது இறக்கச் சொல்வார்களோ என்று. குன்று இருந்தால் அங்கே குமரன் இருப்பான் என்பது தமிழர் நம்பிக்கை. குலதெய்வத்தையோ காவல் தெய்வத்தையோ வைக்காமல் முருகனை வைத்ததிலிருந்தே, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்று யூகிக்க முடிகிறது. வேறொருவரின் உல்லாசத்துக்காகச் சுமை தூக்கி ஏறிய மலையை, தங்கள் சாமியின் மலை என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களால் செய்ய முடிந்த உரிமை கோரல் அது.

திருக்குறளில் 37ஆவது குறள் பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து போகிறவனையும் உதாரணமாக எடுத்துப் பேசுகிறது. பரிமேலழகர் அதற்கு, அறத்தின் பயன் என்ன என்பதை இந்த இருவரையும் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம் என்ற போக்கில் பொருள் சொன்னார். முன்வினை நல்லதாக இருந்தவன் உட்கார்ந்திருக்கிறான், இல்லாதவன் சுமக்கிறான். பின்னால் வந்தவர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. இவனிடமும் அவனிடமும் போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்றுதான் வள்ளுவர் சொல்கிறார் என்று படித்தார்கள். எந்த உரை சரி என்று புலவர்கள் வாதாடட்டும். கொடிமலைப் பாதையில் நின்று யோசித்தால் எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. டோலியில் இருந்தவருக்கும் டோலிக்கு அடியில் இருந்தவருக்கும் இடையே நின்றது முன்வினை அல்ல. கம்பெனியும் கப்பலும் கூலியும்தான்.

இதே காலத்தில் ஆங்கிலேயர்கள் ஹாங்காங்கின் ‘பீக்’ மலையிலும் குளிர் தேடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கே 1888இலேயே மலை ரயில் வந்துவிட்டது. 1904இல் சீனர்கள் அந்த மலையில் குடியிருக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அது 1946இல்தான் நீங்கியது. பினாங்கில் பணக்காரச் சீனர்களும் மலையில் பங்களா வைத்திருந்தார்கள். இங்கே வாசலில் நின்று ஆளைப் பிரித்தது பணம். பங்களாவோ டோலிக்கூலியோ இல்லாதவனுக்கு மலையில் வேலை இருந்தால் மட்டுமே போக்கிடம்.

பினாங்கில் மலை ரயில் முதல் முயற்சியில் ஓடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட தடம் தொழில்நுட்பக் கோளாறுகளால் வீணானது. பிறகு மலாய் மாநிலங்களின் ரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் ஆர்னால்ட் ராபர்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்து மலை ரயில்களைப் பார்த்துப் படித்து வந்து புதிதாகக் கட்டினார். 15 லட்சம் வெள்ளி செலவானது. 1923 அக்டோபரில் ரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1ஆம் தேதி ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் முறைப்படி திறந்து வைத்தார். தடம் இரண்டு கட்டமாக இருந்தது; பாதி மலையில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். கம்பிவடத்தின் ஒரு முனையில் ஏறும் வண்டி, மறுமுனையில் இறங்கும் வண்டி. ஒன்றின் எடை மற்றதை இழுக்க உதவும், மீதிக்கு மின்சாரம். எவருடைய தோளும் தேவையில்லை.

ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உச்சி. கொடிமலையை ‘ஒரு நாள்’ இடமாக மாற்றியது இந்த அரை மணி நேரம்தான். அதுவரை மலைக்குப் போவது என்றால் மூட்டை முடிச்சோடு தங்கப் போவது. பங்களா வேண்டும், சமையல்காரர் வேண்டும், தூக்க ஆள் வேண்டும். ரயில் வந்த பிறகு ஒரு பயணச்சீட்டும் ஒரு பொட்டலம் சோறும் போதும். டோலி மெல்ல மெல்லக் காணாமல் போனது. சுமை இறங்கியது நல்லது. அதோடு அந்தக் கூலியும் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்தபோதெல்லாம் நம் ஆள்களுக்கு நடந்த கதைதான்.

சரி, ரயில் வந்துவிட்டது. தோட்டத்துத் தமிழன் அதில் எப்போது ஏறினான்?

சீட்டு வாங்கக் காசு வேண்டும் என்பது இரண்டாவது சிக்கல். முதலில் ஒரு நாள் வேண்டும். பால்மரம் வெட்டுகிறவருக்கு நாள்கூலி. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்தால்தான் அன்றைய கணக்கு. போகாத நாளுக்குக் காசில்லை. 1955ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை உறுதி செய்தது. ஆனால் நாள்கூலிக்காரருக்கு ஓய்வு என்பது வருமானம் இல்லாத நாளும்கூட. அந்த நாளில் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கொல்லையில் காய்கறிக்குத் தண்ணி ஊத்த வேண்டும். “சும்மா சுத்திப் பாக்கப் போறோம்” என்று ஒரு குடும்பம் கிளம்புவது லயத்தில் லேசில் நடக்காது. நாலு பேர் கேட்பார்கள்: “எதுக்கு?”

அந்த “எதுக்கு”க்குச் சரியான பதில் ஒன்று இருந்தது. தைப்பூசம்.

நமக்குக் கோடை இல்லை என்றேன். பினாங்கு, கெடா பக்கம் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் மழை குறைந்து வெயில் காயும் நாள்கள். தைப்பூசம் சரியாக அதில் வந்து விழும். தார்ச்சாலை கொதிக்கும். அதனால்தான் காவடி வரும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். வெறுங்காலோடு வருகிறவர்களுக்காகச் சாலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். தோட்டத்துச் சனங்களுக்குக் கோடைப் பயணம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

பினாங்கில் அவர்கள் போன இடம் தண்ணீர்மலை. கொடிமலைத் தொடரிலிருந்து விழும் அருவிக்குப் பக்கத்தில் முன்பு ஒரு முருகன் கோயில் இருந்தது. அந்த அருவிப் பள்ளத்தாக்கில்தான் 1884இல் சார்ல்ஸ் கர்டிஸ் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். அருவி நீர் நகரத்தின் குடிநீருக்கு ஆனபோது கோயில் அங்கிருந்து இடம் பெயர்ந்து இன்றைய குன்றுக்கு வந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894இல் தமிழ்நாட்டிலிருந்து வெள்ளி ரதத்தைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பூசத்துக்கும் ரதம் நகரத்திலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் போய்த் திரும்புகிறது. வழியில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் நிறைய.

கெடாவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் தோட்ட லாரிகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். 1985இல் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போக வேண்டுமானால் ஃபெரிதான். பல பிள்ளைகள் கடலையும் கப்பலையும் முதன்முதலில் பார்த்தது அந்த ஃபெரியில்தான். கையில் புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்கில் கோப்பி. நேர்த்தி முடிந்ததும் பூங்காவில் குரங்குகளுக்குக் கடலை போடுவது, கடைத்தெருவில் வளையல் வாங்குவது, முடிந்தால் ஆயர் ஈத்தாம் போய் மலை ரயிலை வேடிக்கை பார்ப்பது. சாமிக்காகக் கிளம்பிய பயணத்துக்குள் இவ்வளவும் அடங்கிவிடும். பக்தியும் உல்லாசமும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. ஒரு நாள் கிடைப்பதே அபூர்வம் என்றால் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே தோளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். காவடி என்பதும் கழியும் தோளும்தான். டோலியைத் தூக்கிய அதே உடல் உழைப்பு, அதே ஏற்றம், அதே வியர்வை. தைப்பூசத்தை விவரித்த காலனியக் காலத்து வெள்ளையர்கள் பலருக்கு அது மூடப் பழக்கமாகவும் உடல் வதையாகவும் தெரிந்தது. நம் சமூகத்தில் சீர்திருத்தம் பேசியவர்களும் அலகுக் காவடியைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கேள்விகளில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டு முழுக்க அடுத்தவன் சுமையைத் தூக்கியவன், தான் நேர்ந்துகொண்ட சுமையைத் தானே தேர்ந்தெடுத்துத் தூக்கும் ஒரு நாள் என்பதையும் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். அன்றைக்கு அவன் நடக்க மற்றவர்கள் வழி விடுகிறார்கள். அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவனுக்கு வேறு எந்த நாளில் இது நடந்தது?

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்; பள்ளிகள் சுற்றுலா அழைத்துப் போயின. 1977இல் பழைய மரப் பெட்டிகளுக்குப் பதிலாகப் புதிய சிவப்புப் பெட்டிகள் வந்தன. எழுபது, எண்பதுகளில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களின் ஆல்பங்களைப் புரட்டினால் அந்தச் சிவப்பு ரயிலின் முன்னால் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நிற்கும் படம் ஒன்றாவது கிடைக்கும். டோலிக்காரர் காலத்துக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே மூன்று, நான்கு தலைமுறைகள். பாதி வழியில் வண்டி மாறும்போது ஆசிரியர் தலையை எண்ணுவார். மேலே போய்ச் சேர்ந்ததும் குளிருகிறது என்று கையைத் தேய்த்துக்கொள்வார்கள், குளிர் அவ்வளவு இல்லாவிட்டாலும்.

2010இல் அந்த ரயில் நிறுத்தப்பட்டு 2011இல் புதியது வந்தது. இப்போது வண்டி மாற வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்குள் உச்சி. வேகம் கூடியதால் கூட்டமும் கூடிவிட்டது. விடுமுறை நாளில் பயணத்தைவிட வரிசையில் நிற்கும் நேரம் அதிகம். 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதே மலைக்குத் தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டம் வந்தபோது, காடு என்னாகும், மலை இத்தனை பேரைத் தாங்குமா என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஒரு காலத்தில் மிகச் சிலருக்கு மட்டுமே கிடைத்த மலை இது. எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு அதைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு விடை சுலபமாகக் கிடைக்காது. கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பணம் வாசலில் நின்று ஆளைப் பிரித்த காலத்தை இந்த மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

மலை ரயிலின் இடைநிறுத்தங்களுக்குக் கிளேர்மாண்ட், மோனியட் என்று பெயர்கள் இருக்கின்றன. மோனியட் ஒரு காலனிய நில அளவை அதிகாரி. பங்களாக்களின் பெயர்களும் பெரும்பாலும் அந்த வகைதான். ஜான்சன் பெயரை மலை ரயிலின் வரலாறு சொல்கிறது, சொல்லவும் வேண்டும். அங்கே தமிழ்ப் பெயர் என்று எழுதி வைத்திருப்பது கோயில் வாசலில்.

அடுத்த முறை பிள்ளைகளோடு கொடிமலைக்குப் போனால், மலைத்தொடரைப் பார்த்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு முடித்த பிறகு, அந்தக் கோயில் வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். இதைக் கட்டியவர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கக்கூடும்: “அப்ப அவங்க எல்லாம் நடந்தேவா ஏறுனாங்க?” ஆமாம், நடந்துதான். தோளில் இன்னொருத்தரையும் வைத்துக்கொண்டு.